தலையிலிருந்து ஒரு கோடு

சைகையில் பாம்பு சுலபம். இரண்டு விரலை வளைத்து முன்னால் நெளியவிட்டால் பாம்பு. ஆனால் பேராசிரியர் சிற்சபேசன் பாம்போடு நிற்கவில்லை. எரிமலைக் கண்ணாடிக் கத்திகள் முதுகெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கிற பாம்பு என்கிறார், அது ஒரு மனிதனின் பெயர் என்கிறார், இட்ஸ்கோவாட்ல் என்கிறார். அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் போட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தில் பாதி தூரம் போய்விட்டார். ஓடிப் பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இப்படி யாருடைய வாக்கியத்துக்குப் பின்னாலாவது ஓடிக்கொண்டிருக்கிறேன். வலது தோளில் அந்த இடம் மறுபடி பிடிக்கிறது. சைகை மொழிபெயர்ப்புக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் கை ஓடும், மூளை ஓடாது. கூட வர வேண்டிய ஃபெலிக்ஸுக்கு டெங்கு. காலையில் அவன் மனைவி போனில், "பிளேட்லெட் இறங்கிட்டே போகுதுக்கா" என்றாள். ஆக, ஒன்றரை மணி நேரமும் நான்தான். எதிரே அறுபது மாணவர்கள், காது கேளாதவர்களுக்கான பி.காம். வகுப்பு, இன்று அவர்களுக்குப் பழைய பட எழுத்தைப் பற்றி ஒரு சிறப்புச் சொற்பொழிவு, அத்தனை பேர் கண்ணும் என் கையில். கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர்கீழே அப்பா. அவருக்கும் பிறவியிலிருந்தே காது கேளாது. அவரை வீட்டில் தனியாக விட்டு வர மனசில்லை, பதினோரு நாளாகவே மனசில்லை. ஏன் கூட்டிப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்பா இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை. கேட்கமாட்டேன் என்கிறாரே என்பது ஒரு பயம், கேட்டுவிடுவாரோ என்பது இன்னொரு பயம்.

திரையில் புதுப் படம். மெக்சிகோவில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நவாட்டில் மொழி பேசியவர்கள் எழுதிவைத்த ஊர்ப் பதிவேடு என்கிறார். வரிசை வரிசையாகத் தலைகள், எல்லாம் பக்கவாட்டில் பார்க்கிற தலைகள், எல்லாம் ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி முடி. யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு தலையிலிருந்தும் மெல்லிசாக ஒரு கோடு கிளம்புகிறது, கோட்டின் முடிவில் ஒரு சின்னப் படம். ஒருவனுக்குக் கழுகு, ஒருவனுக்கு முயல், ஒருவனுக்குப் புகை கிளம்புகிற கேடயம். அந்தப் படம்தான் அவன் பெயர். "முகம் எல்லாருக்கும் பொது. பெயர்தான் ஆளு," என்கிறார். நல்ல வாக்கியம். கைக்கும் வசதியான வாக்கியம். முகம், எல்லாரும், ஒன்று, பெயர், வேறு. பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். கோடு என்று காட்ட என் நெற்றியிலிருந்து ஆள்காட்டி விரலால் காற்றில் இழுத்தேன், இழுக்கும்போதே அம்மாவின் மணிக்கட்டு ஞாபகம் வந்துவிட்டது, வரக்கூடாத நேரத்தில்தான் எல்லாம் வரும். பாளையங்கோட்டையில் அந்த ஒற்றை அறை வீட்டில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா என் காலில் ஒரு நாடாவைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பாளாம். நான் அழுதால் அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்காதே. அழுகிற குழந்தை காலை உதைக்கும், உதைத்தால் நாடா இழுக்கும், இழுத்தால் அம்மா எழுந்துகொள்வாள். அதனால்தான் என் சைகைப் பெயர் அப்படி, இடது மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஓர் இழுப்பு. சர்ச்சில் வைத்த பெயர் எமிமாள். அந்தப் பெயரை அம்மா ஒருநாளும் கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. அவர்களுக்கு நான் அந்த இழுப்புதான்.

ஒரு வாக்கியம் போய்விட்டது. ஏதோ நாணல் என்றார். "சார், ஒருதடவை திருப்பிச் சொல்லுங்க," என்றேன். அவர் கோபப்படவில்லை, நல்ல மனுஷன். "அகமாபிச்ட்லி. ஒரு கைப்பிடி நாணல்னு அர்த்தம். படத்துல பாருங்க, ஒரு கை, அது நாணலைக் கொத்தாப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான், அதுவே ராஜா பேரு." நான் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே முதல் வரிசையில் கண்ணாடி போட்ட பெண், நஸ்ரின், படத்தைப் பார்த்துவிட்டு ஒரு முஷ்டியை மூடி, மறு கை விரல்களை அதிலிருந்து நீட்டிவிட்டாள். வகுப்பு முழுவதும் அதே கை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு ராஜாவை அறுபது பேர் ஒரே நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேராசிரியருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, புரிந்ததும் சிரித்துவிட்டார். "அட, எனக்கு இதைப் படிக்க ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். நஸ்ரின் எழுந்து, எங்கள் பெயரும் அப்படித்தான் என்றாள், நான் குரலில் சொன்னேன். அவள் பெயர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது. பக்கத்தில் இருப்பவனுக்குக் கன்னத்து மச்சம். அதற்கடுத்தவன் குண்டு, பெயரும் குண்டுதான், கன்னத்தை ஊதிக் காட்டினால் அவன். பேராசிரியர் கொஞ்சம் சங்கடப்பட்டு, அவனுக்குக் கோபம் வராதா என்றார். அவன் கன்னத்தை ஊதிக்காட்டிச் சிரித்தான். காது கேளாதவர்களிடம் ஒளிவுமறைவு கிடையாது சார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெலிந்துபோனவரைப் பார்த்தால் மெலிந்துவிட்டாய் என்பார்கள், முகத்துக்கு நேரே, ஏன் என்று காரணமும் கேட்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அப்பாவின் பழைய சிநேகிதர் வாசலில் நின்றபடியே, உனக்கு எட்டுக் கிலோ குறைந்திருக்கும் என்று அப்பாவிடம் சைகையில் காட்டினார். நான் அவரை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காப்பி கொடுத்தேன்.

இப்போது கல். கல்லில் மாட்டிக்கொண்டேன். கல் வரைந்திருந்தால் சில இடத்தில் கல் என்றே அர்த்தம், சில இடத்தில் கல்லுக்கும் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது, கல்லுக்கு அவர்கள் பாஷையில் தேட்ல், அதில் தே என்கிற சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. தண்ணீர் வரைந்தால் அ என்கிற சத்தம். பல் வரைந்தால் ட்லான் என்கிற சத்தம், ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும். சத்தம், சத்தம் என்று நான் காதருகே விரலைக் கொண்டுபோகிறேன், பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக அணைகிறது. அவர்களுக்குக் கல் கல்தான். கல்லை வைத்துக்கொண்டு கல் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? எப்படிச் சொல்வது? உதட்டைக் காட்டலாம், உதடு தே என்று விரிவதைக் காட்டலாம். காட்டினேன். ஒரு படத்தைக் காட்டிவிட்டு வேறொன்றைச் சொல்வது. இதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஒன்பது வயதில் ஆரம்பித்தது. அப்பா கிரில் பட்டறையில் வெல்டர், ஒருநாள் பட்டறை முதலாளி என்னை வரச்சொல்லி, "உங்கப்பன் செவிட்டுப்பய, சொன்னா மண்டையில ஏறாது, நீ சொல்லுட்டி" என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னார், நான் அப்பாவைப் பார்த்து, ஜன்னல் கம்பி இரண்டு இஞ்சு குறைகிறதாம் என்றேன். அது ஒரு விடுதல். ரேஷன் கடையில் ஒரு விடுதல். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பற்றிச் சொன்னதில் ஒன்றிரண்டு விடுதல், அது என் சொந்த நன்மைக்கு. நல்லது மட்டும் கையில் வரும், மற்றது என் வயிற்றுக்குள் போகும். அம்மா ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் எதையும் விடவில்லை, பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னேன், அப்பாவிடமும் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன், அம்மா அன்றோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நான் சொன்னதால்தான் நிறுத்தினாளா, நிறுத்துகிற நிலைமை வந்துவிட்டதால் நிறுத்தினாளா? ஆறு வருஷமாக இதே இடத்தில் வந்து நிற்கிறேன், இந்தக் கல்லில் வந்து இடிக்கிறேன், எந்தப் பக்கமாகவும் சுற்றிப்போக முடியவில்லை.

புண். பதினோரு நாளைக்கு முன்னால் அப்பாவிடம் என் கை சொன்னது அதுதான். டாக்டர் இளவயசுக்காரர், மேஜைமேல் ஸ்கேன் படம், என்னைப் பார்த்துப் பேசாமல் அப்பாவைப் பார்த்தே பேசினார், அப்படிப் பேசத் தெரிந்த டாக்டர்கள் குறைவு. "கணையத்துல கட்டிங்க ஐயா. கல்லீரலுக்கும் போயிருக்கு. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிருச்சு. நாலு மாசம் சொல்லலாம், உடம்பு ஒத்துழைச்சா ஆறு." அப்புறம் வலியைப் பற்றி, மருந்துகளைப் பற்றி. நான் அப்பா பக்கம் திரும்பி, வயிற்றில் கை வைத்து, புண் என்றேன். மாத்திரை என்றேன். சரியாகும் என்றேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பா வீடு இருக்கிற அயனாவரம் வரும்வரை வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பவள் எதையும் சேர்க்கக்கூடாது, எதையும் விடக்கூடாது என்று ஒவ்வொரு மே மாதமும் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். கரும்பலகையில் எழுதிப்போட்டு எடுக்கிறேன்.

பேராசிரியர் அதே பதிவேட்டின் இன்னொரு பக்கத்தைப் போட்டுவிட்டார். முகத்தில் கோடுகள் இருந்தால் வயதானவர். கன்னத்தில் கண்ணீர்த் துளி இருந்தால் கணவனை இழந்தவள். கண் மூடியிருந்தால் இறந்துபோனவர். பெயர்க் கோடு அவர்களுக்கும் உண்டு, செத்தாலும் கோட்டை எடுப்பதில்லை. சொல்லிக்கொண்டே போகிறார், நான் என் இமைகளை மூடித் திறந்து காட்டுகிறேன். மூடியபோது உள்ளே அப்படியொரு அசதி, திறக்கவே வேண்டாம் போல இருந்தது. மணி மூன்று இருபது. வியர்வை முழங்கையில் வழிந்து சேலையில் விழுகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்கிறார், அப்பாடா, முடியப்போகிறது. நஸ்ரின் கேட்கிறாள், பெயர் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா? சிலருக்கு வளர்ந்த பிறகு பட்டமாக வேறு பெயர் சேரும் என்கிறார். கேட்டவளுக்குப் பதில் போதவில்லை, உட்கார்ந்துவிட்டாள். வேறு யாராவது என்று அவர் பார்த்தபோது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அப்பாவின் கை.

அப்பா கூட்டத்தில் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் நடந்து வந்தார், எல்லோருக்கும் கை தெரிய வேண்டும் என்பதால் முன்னாலேயே வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார், அந்தத் தலைகளின் வெளிச்சம் அவர் சட்டையில் விழுந்தது. இவர் யார் என்று பேராசிரியர் கேட்டார். "எங்கப்பா சார், ஞானசிகாமணி," என்றேன். "வாங்கய்யா, கேளுங்க" என்றார். வகுப்பைப் பதிவுசெய்கிற மைக்கை எடுத்துக்கொண்டேன். சைகையில் பேசுகிறவர் என்ன சொல்கிறாரோ அதை அவராகவே பேசுவதுதான் எங்கள் வழக்கம், அவர் நான் என்றால் நானும் நான் என்பேன், இவர் இப்படிக் கேட்கிறார் என்று சொல்லக்கூடாது. அப்பா நிதானமாகக் கையசைத்தார், நான் பேசினேன். "கண் மூடின தலை செத்தவன். கண் திறந்த தலை இருக்கிறவன். நடுவில் ஒருத்தன் இருக்கிறான். இன்னும் சாகவில்லை, சீக்கிரம் சாகப்போகிறான், எழுதுகிறவனுக்கு அது தெரியும். அவனுக்கு எப்படிக் கண் போடுவார்கள்?" பேராசிரியர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அப்படி ஒரு குறி நான் பார்த்ததில்லைய்யா. எழுதுற அன்னைக்கு உயிரோட இருந்தா கண்ணு திறந்துதான் இருக்கும்." நான் அதைக் கையில் சொன்னேன். அப்பா சரி என்று தலையாட்டினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

அவர் கை வேகமாக அசையவில்லை, பெரிதாகவும் அசையவில்லை, ஆனால் அறுபது பேரும் பார்த்தார்கள். நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கங்கே பேசிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் மடியில் இறங்கின. அந்த அறையில் காது கேட்கிற இரண்டே பேர், நானும் பேராசிரியரும். அவருக்கு மட்டும்தான் ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்றார். நன்றி சொல்கிறார் சார் என்று சொன்னால் முடிந்தது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வீட்டுக்காரரிடம், கண்டக்டரிடம், அதிகாரிகளிடம், இரண்டு பக்கத்துக்கும் நல்லதாக ஒரு வார்த்தை. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். "எனக்குப் புற்றுநோய். எனக்குத் தெரியும். என் மனைவிக்குச் சொன்ன டாக்டருக்கு இருந்த அதே முகம் இந்த டாக்டருக்கும் இருந்தது. அவர் வாய் ரொம்ப நேரம் அசைந்தது, என் மகளின் கை கொஞ்ச நேரம்தான் அசைந்தது. புண் என்றாள். அவளாகச் சொல்வாள் என்று பதினோரு நாள் காத்திருந்தேன். வீட்டில் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். இந்த மாதிரி இடத்தில் நின்றால்தான் எதையும் விடாமல் சொல்வாள். அதனால் இங்கே கேட்கிறேன்." என் மகள் என்று என் வாயாலேயே சொன்னேன். அந்த மகள்மேல் எனக்குக் கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னாலேயே பாவமாகவும் இருந்தது, யாரோ ஒருத்தி, தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

பேராசிரியர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மைக்கைக் கீழே வைத்தேன். இரண்டு கையும் வேண்டும். டாக்டர் சொன்னதை டாக்டராகவே சொன்னேன், அவர் சொன்ன வரிசையிலேயே, ஒன்றும் சேர்க்காமல். கணையம். கட்டி. கல்லீரலுக்கும் போயிருக்கிறது. ஆபரேஷன் முடியாது. நாலு மாதம். உடம்பு ஒத்துழைத்தால் ஆறு. அப்பா இடையில் நிறுத்தவில்லை, ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையை அசைத்துக்கொண்டே வந்தார், அளவு சொல்லும்போது பட்டறையில் வாங்கிக்கொள்வாரே, அப்படி. முடிந்ததும், வலிக்குமா என்று கேட்டார். வலிக்கும், மருந்து இருக்கிறதாம், கேட்டால் கொடுப்பார்களாம் என்றேன். அம்மாவைப் பற்றி நானாகவே ஆரம்பித்தேன், அம்மா சாப்பாட்டை நிறுத்தியது நான் சொன்னதால்தானே என்று. பாதியிலேயே அப்பா என் கையைப் பிடித்து இறக்கினார். அவளால் விழுங்க முடியவில்லை என்றார். நீ சொல்வதற்கு ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்தே முடியவில்லை, உன்னிடம் சொல்லாதே என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நஸ்ரின் தன் நாற்காலியை என் பின்னால் தள்ளினாள், உட்கார்ந்தேன்.

அப்பா எனக்கு முன்னால் குனிந்தார். உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் தெரிகிற உயரத்தில், நெஞ்சுக்குக் கிட்டே, சின்னதாகக் கையசைத்தார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது வேறு யாராவது மொழிபெயர்க்கிறவரைக் கூட்டி வருவோம், நீ மொழிபெயர்க்க வேண்டாம், மகளாக வந்து என் பக்கத்தில் உட்கார். நான் சரி என்றேன். பேராசிரியர் மெதுவாக, "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். "எங்கிட்ட பேசினார் சார்," என்றேன்.